மறு: தாத்தாவின் 1945 திடப்படுத்தல் சான்றிதழ், நகல் எங்கே கிடைக்கும்?

பழைய வண்ணாரப்பேட்டை நண்பருக்கு வணக்கம். தாத்தாவின் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரைச் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு) சான்றிதழ் மடிப்பில் கிழிந்துவிட்டது, நகல் கேட்டு சாந்தோமுக்குப் போனால் ‘எங்களிடம் இல்லை’ என்றார்கள், கீழே ‘மைக்கேல் மெட்ராஸ்’ என்ற கையெழுத்து யாருடையது என்று கேட்டிருந்தீர்கள்.

சாந்தோம் கத்தோலிக்கர்களுடையது. உங்கள் தாத்தா ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது. அங்கே பேராயர் தன் முதல் பெயரையும் மறைமாவட்டத்தின் பெயரையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஆக, இவர் 1942 முதல் சென்னைப் பேராயராக இருந்த மைக்கேல் ஹாலிஸ். 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயின. அதன் முதல் பிரதமப் பேராயரும் இவரே.

சரி, நகலுக்கு வருவோம். கையெழுத்து பேராயருடையது என்பதற்காக நேரே அவர் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் பதிவேடுகள் பொதுவாக அந்தந்த ஆலயத்தில்தான் இருக்கும். தாளில் ஆலயத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். ராயபுரமோ, ஜார்ஜ் டவுனோ, ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பிடியுங்கள். வாரநாளில் போனால் பூட்டுதான் வரவேற்கும். பெயர், தகப்பனார் பெயர், தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்தால் தேடுவது சுலபம். அந்தச் சபை வேறொன்றோடு இணைந்திருந்தால் ஏடு அங்கே போயிருக்கலாம். அப்போது மட்டும் கதீட்ரல் சாலையில் உள்ள சி.எஸ்.ஐ. பேராய அலுவலகத்தில் கேளுங்கள்.

அப்புறம், கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டிவிடாதீர்கள், மை போய்விடும்.