சராசரி ஈரம் சரி, மாத்திரை மட்டும் ஏன் ஒட்டுகிறது?

கேள்வி: மாத்திரைத் தயாரிப்பில் பேட்ச் முறையை (தொகுதி தொகுதியாகச் செய்வதை) விட்டுவிட்டு, ட்வின் ஸ்க்ரூ கிரானுலேட்டரும் (பவுடரை நீரோடு சேர்த்துக் குருணையாக்கும் இரட்டைத் திருகு இயந்திரம்) ஆறு அறை ஃப்ளூயிட் பெட் டிரையரும் (குருணையைச் சூடான காற்றில் மிதக்கவிட்டு அறை அறையாக உலர்த்துவது) உள்ள, இடைவிடாமல் ஓடும் கன்டினியூவஸ் லைனுக்கு மாறியிருக்கிறோம். எல்ஓடி (உலர்த்தும்போது குறையும் எடை, அதாவது மிச்ச ஈரம்) 2 சதவீதம், இலக்குக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் சில நேரம் மாத்திரையை அழுத்தும் பஞ்சில் (அச்சுத் தண்டில்) பவுடர் ஒட்டுகிறது, சில நேரம் மாத்திரையின் மேல்பகுதி தொப்பி போலக் கழன்றுவிடுகிறது. காற்றின் சூட்டை ஏற்றியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் சூட்டைப் பழைய அளவுக்கே இறக்குங்கள். ஒட்டுவது பெரும்பாலும் ஈரம் மிஞ்சியதால், தொப்பி கழல்வதற்கு அதிகம் காய்ந்ததும் ஒரு காரணம். ஒரே லைனில் இரண்டும் வந்தால், உங்கள் 2 சதவீதம் ஈரத்தையும் வறட்சியையும் கலந்து சொல்லும் சராசரி.

டிரையரிலிருந்து விழும் குருணையை மில்லுக்குப் போகுமுன் எடுங்கள். சட்டென்று சலித்து, 250 மைக்ரானுக்குக் கீழே, 1 மில்லிமீட்டருக்கு மேலே, இடைப்பட்டது என மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே எல்ஓடி பாருங்கள். ட்வின் ஸ்க்ரூவில் தூளும் கட்டியும் சேர்ந்தே வருவது சகஜம். கட்டியின் நடுவிலுள்ள ஈரம் மெதுவாகத்தான் வெளியே வரும். சூட்டை ஏற்றினால் ஏற்கெனவே காய்ந்த தூள்தான் மேலும் காயும். அப்புறம் மில் கட்டியை உடைக்கும்போது உள்ளே பதுங்கியிருந்த ஈரம் பஞ்சுக்கு வந்து சேரும்.

கட்டிகள்தான் ஈரமாக இருக்கின்றன என்றால் டிரையரை விட்டுவிட்டு ஸ்க்ரூ பக்கம் போங்கள். என் சந்தேகம் முதலில் பவுடரை அளந்து ஊட்டும் ஃபீடர் மேல்தான். எடை பார்த்து ஓடும் ஃபீடரில் பவுடர் நிரப்பும் நேரத்தில் எடைக் கட்டுப்பாடு இருக்காது. ஃபீடரின் சொந்த ஸ்க்ரூ வேகத்தை நம்பியே ஓடும். மணிக்கு 20 கிலோ பவுடர், 4 கிலோ நீர் என்று வையுங்கள், விகிதம் 0.20. பவுடர் 18 ஆகக் குறைந்தால் அது 0.22ஐத் தாண்டிவிடும். கிரானுலேட்டர் ஸ்க்ரூவுக்குள் பொருள் இருப்பதே சில நொடிகள்தான். பேட்ச் மிக்ஸரைப் போல எல்லாம் கலந்து சமமாக அங்கே அவகாசம் கிடையாது. ஃபீடரின் ஹாப்பர் (பவுடர்த் தொட்டி) பாதியாகுமுன்பே கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை நசுக்கி நசுக்கி நீரைத் தள்ளுவது) என்றால் நீர் துடித்துத் துடித்து வருகிறதா என்றும் கவனியுங்கள். நீடிங் பிளாக்கை (ஸ்க்ரூவில் பொருளைப் பிசையும் பகுதி) கடைசியில் தொடுங்கள். அதை மாற்றினால் குருணையின் அடர்த்தியும் மாறும், புதுத் தலைவலி.

மூன்று பங்கிலும் ஈரம் ஏறக்குறைய ஒன்றுதானா? அப்படியானால் அறை நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 180 நொடி நிரப்பி, தொடக்கத்திலிருந்து 720 நொடியில் காலி செய்தால், முதலில் விழுந்தது 720 நொடி காயும், கடைசியில் விழுந்தது 540 நொடிதான். நிரப்பும் நேரத்தை 120 ஆக்கினால் அந்த இடைவெளி சுருங்கும். ஆனால் ஆறு அறையின் சுற்று 720 நொடியில் முடிந்துவிடும். காலி செய்யவும் அதற்குள்ளேயே நேரம் வேண்டும். அதனால் உலரும் நேரத்தையும் குறைக்க வேண்டிவரும்.

ஒட்டுவது லைனைத் தொடங்கிய சற்று நேரத்துக்கு மட்டும்தான் என்றால் டிரையரின் உடம்பு இன்னும் சூடேறவில்லை. வெறும் காற்றை ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள், முதல் சில அறைகளின் குருணையை ஒதுக்கிவிடுங்கள்.