புதன்கிழமை அமைதி

வாசகர் கேள்வி: நான் வெள்ளவத்தையில் அம்மாவுடனும் தங்கையுடனும் வசிக்கிறேன். வயது 31. வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறேன். மூன்று வருடங்களாக ஒரு மாயாஜால நாவல் எழுதி வருகிறேன். தன்னலம் தவிர வேறெதையும் எண்ணாத படகோட்டி ஒருவன், பூதம் காவல் காக்கும் தீவில் அகப்பட்டு, கடைசியில் ஊருக்காக உயிரையே கொடுக்கத் துணிகிறான். வாசித்த நண்பர்கள் எல்லோரும் அந்த மனமாற்றத்தை நம்ப முடியவில்லை என்கிறார்கள். மாதத்தில் இரண்டு புதன்கிழமைகள் தங்கை அலுவலகத்தில் அரைநாள் லீவு எடுத்து அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவாள். வீடு அமைதியாக இருக்கும், எழுத்தும் நன்றாக ஓடும். ஆனாலும் இந்த இடம் மட்டும் கைகூடவில்லை. நாவலைக் கைவிட்டுவிடலாமா?

பதில்: தம்பி, எழுதத் தொடங்கியதைப் பாதியில் விடலாமா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் பல. அவற்றுக்கெல்லாம் சொல்லும் தேறுதலை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை; உங்கள் கடிதத்தில் அந்தப் புதன்கிழமையைத் தாண்டி என்னால் வரமுடியவில்லை.

மாதம் இரண்டு அரைநாள் என்றால் வருடத்துக்கு 12 முழு நாட்கள். தனியார் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு நம் இலங்கைச் சட்டப்படி வருடத்தில் 7 நாள் அமய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் கிடைக்கும். உங்கள் தங்கையும் அப்படியான ஓர் இடத்தில் வேலை செய்பவரானால், அந்த 21 நாட்களில் பாதிக்கு மேல் கிளினிக் வாங்கிலேயே கழிகிறது. விடியுமுன் அம்மாவை எழுப்பி, இலக்கம் எடுத்து, வைத்தியர் அழைக்கும்வரை காத்திருந்து, மருந்துக்கு வேறொரு வரிசையில் நின்று, அம்மாவை வீட்டில் சேர்த்த பின் மத்தியானம் காலி வீதியில் பஸ் பிடித்து வேலைக்கு ஓடுகிற ஒரு பெண்ணின் காலைப்பொழுதுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் அமைதி. வீட்டிலிருந்தே வேலை செய்பவர் நீங்கள். லீவு எடுத்துப் போகிறவர் அவர். இதில் ஏதோ பிசகு இருப்பதாக மூன்று வருடங்களில் ஒரு புதன்கிழமையாவது உங்களுக்குத் தோன்றவில்லையா?

பெற்ற தாயைப் பார்ப்பது பெண்பிள்ளையின் வேலை என்று நம் வீடுகளில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே நடத்திவிடுகிறோம். அதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. மகனுக்கும் மகளுக்கும் தாய் ஒருத்திதான், கடமையும் ஒன்றுதான்.

இனி உங்கள் படகோட்டிக்கு வருகிறேன். மாதவியிடம் போய்க் குலச் செல்வத்தைத் தொலைத்த கோவலனைப் பற்றிச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையோன் சில பழைய செய்திகளைச் சொல்கிறான். கற்புடைய பெண்ணொருத்திமேல் பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்துக்கொள்கிறது. அவனுடைய தாய் துடிப்பதைக் கண்ட கோவலன் ஓடிப்போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். பூதம் மறுத்து, தாயின் கண்முன்னே அவனைக் கொன்றுவிடுகிறது. உங்கள் நாவல் அந்த இடத்தோடு முடிந்திருக்கும். கோவலனோ மகனை இழந்த அந்தத் தாயோடு போய், அவர்களுடைய சுற்றத்தார் அனைவரையும் தன் உறவினரைப்போல் பல்லாண்டுகள் பசியில்லாமல் காக்கிறான். 'இல்லோர் செம்மல்', அதாவது இல்லாதவர்களின் தலைவன், என்று மாடலன் அவனை அழைப்பது அதற்காகவே. இவ்வளவு செய்தவனும், மதுரையில் சிலம்பு விற்கப் புறப்படும் முன், பெற்றோர் ஏவலில் தவறினேன் என்று கண்ணகியிடம் வருந்துகிறான். பூதத்தின்முன் காட்டிய துணிவு அந்தக் கடனைத் தீர்த்துவிட்டதாக அவன் நினைக்கவில்லை.

உயிரைக் கொடுக்கும் காட்சியை எழுத உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அது எல்லோரும் கற்பனையில் செய்து பார்ப்பது. தன் நேரத்தை, தன் தூக்கத்தை, தனக்குப் பிடித்த ஒரு காலைப்பொழுதை முணுமுணுத்துக்கொண்டேனும் இன்னொருவருக்காக முதன்முறை விட்டுக்கொடுக்கும் மனிதனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாது. படகோட்டி திடீரென்று தியாகியாவதும், நண்பர்கள் அவனை நம்பாததும் அதனால்தான். அவர்கள் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

நாவலைக் கைவிட வேண்டாம். வரும் கிளினிக் நாளில் அதை வீட்டில் வைத்துவிட்டு அம்மாவோடு நீங்கள் போங்கள். அதற்கு அடுத்த முறையும் நீங்களே போங்கள். போவது நாவலுக்குக் குறிப்பெடுக்க அல்ல, ஆகவே அங்கே எதையும் எழுதாதீர்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். எந்த மருந்து சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதைத் தங்கையிடம் முதல் நாள் இரவே கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி எந்த லாச்சியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.