வானத்துக்கு டிக்கெட் கிடையாது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மூலம் ஏதோ ஒரு தேர்வு எழுதினாள். இப்போது, "உங்கள் மகள் நாசா பயணத்துக்குத் தேர்வாகியிருக்கிறார்" என்று ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்று லட்ச ரூபாய் கட்ட வேண்டுமாம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
– ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: அடகு வைக்காதீர்கள் ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கும் கென்னடி விண்வெளி மையத்தில் பார்வையாளர்களுக்கென்றே ஒரு வளாகம் உண்டு. விசா வாங்கி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம், அதற்கு எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கடிதங்களில் சொல்லப்படும் பயணம் பெரும்பாலும் இதுதான், கூடவே நாலைந்து ஊர்களைச் சுற்றிக் காட்டுவார்கள். வசதி இருக்கிறவர்கள் பிள்ளையைக் கூட்டிப் போவதில் தப்பே இல்லை, அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் சுற்றுலாவைத் 'தேர்வு' என்று சொல்லி விற்கும்போது கடன் வாங்கக்கூடத் துணியும் பெற்றோர்தான் மாட்டிக்கொள்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தேர்வில் முதலிடம் வந்த பிள்ளையிடம் பணம் இல்லையென்றால் கூட்டிப் போவீர்களா?

நாசா நேரடியாக நடத்துவதில் உங்கள் மகள் வீட்டிலிருந்தே சேரக்கூடியது ஸ்பேஸ் ஆப்ஸ் சேலஞ்ச். 2012 முதல் நடக்கிறது, உலகம் முழுக்கக் குழு குழுவாகச் சேர்ந்து நாசாவின் தரவுகளை வைத்துத் தீர்வு கண்டுபிடிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. பெரியவர் ஒருவர் துணைக்கு இருந்தால் நல்லது. எட்டாம் வகுப்பு என்கிறீர்கள், அதனால் அடுத்த பதிலையும் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊர் கிராமம். இஸ்ரோவின் யுவிகா பயிற்சிக்கு என்னை எடுப்பார்களா?
– மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்: விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதே, அதுதான் முக்கியம். யுவிகா 2019-ல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும்தான், பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் வாய்ப்பு முடிந்தது. கோடை விடுமுறையில் சுமார் இரண்டு வாரம் திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு மாதிரி ஏதாவது ஓர் இஸ்ரோ மையத்தில் தங்க வைத்து, விஞ்ஞானிகளே பாடம் எடுப்பார்கள், ஆய்வுக்கூடங்களைக் காட்டுவார்கள். பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ பொறுப்பு.

எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் அதிக எடை. ஆனால் அது மட்டுமே இல்லை. ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்.சி.சி. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனியாகவே மதிப்பெண் சேர்கிறது, நகரத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைக்கு இது கிடைக்காது, உனக்குக் கிடைக்கும். அறிவிப்பு வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இஸ்ரோ இணையதளத்தில் வரும். கலந்துகொண்ட போட்டிகளின் சான்றிதழ்களை இப்போதே ஒரு ஃபைலில் சேர்த்துவை, தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவை. கடைசி நாளில் கையெழுத்துக்கு ஓடுவதால்தான் பல கிராமத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் நின்றுபோகிறது.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். ராக்கெட் கிளம்புவதை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். எங்களைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக. 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கென்று பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஏவுதலுக்குச் சில நாள் முன்பு இணையத்தில் முன்பதிவு திறப்பார்கள், இலவசம்தான், ஆனால் சட்டென்று நிரம்பிவிடும், அதனால் அறிவிப்பு வந்ததும் பேரனையோ பேத்தியையோ பதிவு செய்யச் சொல்லுங்கள். அடையாள அட்டை அவசியம். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகும் சாலை.

முதலில் வெளிச்சம்தான் தெரியும். மரங்களுக்கு மேலே ராக்கெட் எழும்பிய பிறகும் சில விநாடிகள் ஒரு சத்தமும் இருக்காது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும் என்பதால் இந்த இடைவெளி. அப்புறம் வரும் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் தெரியும், டிவியில் அது கிடைக்கவே கிடைக்காது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: கடைசி நேரத்திலும் ஏவுதல் தள்ளிப்போகும். திரும்பும் டிக்கெட்டை இறுக்கமாகப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் தொலைநோக்கி இல்லை, வாங்க நிதியும் இல்லை. பிள்ளைகளுக்கு வானியல் எப்படிக் காட்டுவது?
– அறிவியல் ஆசிரியை, தருமபுரி

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் இந்தத் தலைப்பை எடுத்தேன் டீச்சர். ஒரு மீட்டர் கம்பு, நூலில் கட்டிய கல், ஸ்கேல், இவ்வளவு போதும், பூமியின் சுற்றளவையே அளந்துவிடலாம்.

நம் ஊர்களில் வருடத்துக்கு இரண்டு நாள் உச்சி வேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு நேரே வரும், நேராக நிற்கும் கம்புக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் என்கிறோம். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும். தெற்கே போகப் போக ஏப்ரலில் சில நாள் முந்தியும் ஆகஸ்டில் சில நாள் பிந்தியும் வரும். ஆகஸ்ட் என்றால் பள்ளியும் நடக்கும், ஆனால் மேகம் இருந்தால் கஷ்டம்.

இனி கணக்கு. ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் நிழல் இல்லை. அதே நாள் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கம்பின் உச்சிவேளை நிழல் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர், அதுவும் தெற்குப் பக்கமாக விழும். அதைக் கோணமாக மாற்றினால் 5 டிகிரி. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக இருக்கும் தூரம் சுமார் 555 கிலோமீட்டர். 5 டிகிரிக்கு 555 என்றால் 360 டிகிரிக்கு? பிள்ளைகளே போடட்டும், 40,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உண்மையான சுற்றளவும் அதுதான்! எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு எகிப்தில் செய்தது இதே வேலை. அதே நாளில் நிழலை அளந்து சொல்லக் கன்னியாகுமரிப் பக்கம் தெரிந்த ஆசிரியர் யாரும் இல்லையென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையைக் கேளுங்கள், இந்த நாளை அவர்கள் பல பள்ளிகளில் நடத்தியிருக்கிறார்கள்.

கண்ணாலேயே காட்ட வேண்டுமென்றால் சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விடியலுக்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோ, மினுக்காத வெள்ளைப் புள்ளியாகக் கடந்து போகும். உங்கள் ஊருக்கு மேல் எப்போது வரும் என்று நாசாவே இலவசமாகச் சொல்கிறது. 2025 ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்துதான் ஹாம் ரேடியோவில் பெங்களூருவோடு பேசினார். பிறகு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப் போங்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு. ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி. தருமபுரிக்கு அது பக்கம்தானே.

கேள்வி: வீட்டில் இருக்கும் எனக்கு 46 வயது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன், தொடர முடியவில்லை. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, சிவகாசி

பதில்: முடியும் அம்மா, உண்மையான ஆராய்ச்சியிலேயே கலந்துகொள்ளலாம். ஸூனிவர்ஸ் என்ற தளத்தில் தொலைநோக்கிகள் எடுத்த படங்களைப் பார்த்து வகைப்படுத்தும் வேலை இருக்கிறது. இலவசம், பட்டம் கேட்க மாட்டார்கள். 2007-ல் அதன் முன்னோடியான கேலக்ஸி ஸூவில் ஹானி வான் ஆர்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் விசித்திரமான ஒளிர்மேகத்தைக் கவனித்து, "இது என்ன?" என்று கேட்டார். வானியலாளர்களுக்கே அது புதிது. பிற்பாடு ஹப்பிள் தொலைநோக்கியையே அதன் பக்கம் திருப்பினார்கள். இன்றைக்கும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. குழுவாகச் சேர ஆசையென்றால் சர்வதேச சிறுகோள் தேடல் திட்டத்தையும் பாருங்கள், ஹவாயில் எடுக்கும் படங்களில் நகரும் புள்ளியைத் தேட வேண்டும். பொறுமை இருந்தால் போதும்.

கேள்வி: மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ராக்கெட் பைத்தியம். இஸ்ரோ என்றால் இன்ஜினியர்களுக்கு மட்டும்தானா?
– ஒரு தாய், வள்ளியூர்

பதில்: இல்லவே இல்லை. பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவர்களை டெக்னீஷியன் வேலைக்கு இஸ்ரோ எடுக்கிறது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் கை படாமல் எந்த இன்ஜினும் சோதனை மேடைக்குப் போகாது. உங்கள் ஊருக்குப் பக்கத்து மகேந்திரகிரியிலேயே அந்த இன்ஜின்களைச் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்திலும் ஏவுதளம் வருகிறது, 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை அறிவிப்பை இஸ்ரோ தளத்திலேயே பாருங்கள். இடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.