மூங்கிலா, ஓக்கா, லேமினேட்டா: வீட்டுத் தரைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் புதிதாகத் தரை போட நினைக்கிறோம். சிறு குழந்தையும் ஒரு நாயும் உள்ள வீடு. மூன்று விலைப்பட்டியல்கள் வாங்கியிருக்கிறோம். லேமினேட்தான் இருப்பதில் மலிவு. ஓக் மரப் பலகைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிறது. மூங்கில் தரை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மூங்கில் ஓக்கைவிட இரண்டு மடங்கு உறுதியானது, ஆயுள் முழுக்கக் கவலையே வேண்டாம் என்று விற்பவர் சொல்கிறார். எங்கள் சேமிப்பு லேமினேட்டுக்குச் சரியாக இருக்கும். அதைவிட நல்லதாகப் போட வேண்டுமானால் மீதிக்குத் தனிநபர் கடன் வாங்க வேண்டும். நல்ல தரையும் ஒரு முதலீடுதான் என்கிறார் என் கணவர். கடன் வாங்கிப் போடலாமா?

பதில்: கடன் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது கடன் பற்றிய வரி அல்ல, “சேமிப்பு லேமினேட்டுக்குச் சரியாக இருக்கும்” என்ற வரி. அப்படியென்றால் மலிவான தரையைப் போட்டாலும் உங்கள் கையிருப்பு காலியாகிவிடும். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. வேலையிலோ உடல்நிலையிலோ ஒரு தடுமாற்றம் வந்தால், பளபளக்கும் தரையிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்து விற்று மருந்து வாங்க முடியாது. ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் தரைக்கான பணம். அது எவ்வளவு என்று தெரிந்த பிறகு மரம், மூங்கில் பேச்சுக்கு வருவோம்.

தரை வருமானம் தருவதில்லை. ஒருநாள் வீட்டை விற்கும்போது வாங்குபவருக்கு அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அந்த நம்பிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தரை எத்தனை ஆண்டு உழைக்கும், அதுவரை மொத்தம் எவ்வளவு செலவு வைக்கும்?

“இரண்டு மடங்கு உறுதி” என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். மரத்தின் கடினத்தை அளக்க ஜான்கா சோதனை என்று ஒன்று உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கேப்ரியல் ஜான்கா 1906ஆம் ஆண்டு வகுத்த முறை அது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை, அதன் பாதி அளவுக்கு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பார்கள். பவுண்டு விசைக் கணக்கில் சிவப்பு ஓக் 1290, ஹிக்கரி என்ற அமெரிக்க மரம் 1820. தேக்கு ஓக்கைவிடச் சற்றுக் குறைவு. மூங்கிலை நார்நாராகப் பிரித்துப் பிசினில் ஊறவைத்து, பெரும் அழுத்தத்தில் கட்டியாக்கிச் செய்யும் வகை 3000 வரையும் அதற்கு மேலும் போகிறது. ஆகவே விற்பவர் அந்த வகையைச் சொல்கிறார் என்றால் அவர் சொல்வது பொய்யல்ல.

ஆனால் எல்லா மூங்கிலும் அந்த வகை அல்ல. பட்டைகளாகச் சீவி ஒட்டிய சாதாரண மூங்கில் பலகை கடினத்தில் ஓக்கை ஒட்டியே இருக்கும். பழுப்பு நிற மூங்கிலில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த நிறம் பெரும்பாலும் சாயத்தால் வருவதல்ல. மூங்கிலைச் சூட்டிலும் ஆவியிலும் வைக்கும்போது நாரில் உள்ள சர்க்கரை கருகி அந்த நிறத்தைத் தருகிறது. அதே சூடு நாரைச் சற்று மென்மையாக்கியும் விடுகிறது. மூங்கில் வெட்டப்பட்ட வயதும் முக்கியம். அது புல் இனம், சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். ஆனால் தண்டு முற்றி இறுக ஐந்து ஆண்டுகளாவது வேண்டும். அவசரப்பட்டு வெட்டிய இளமூங்கிலுக்கு அந்த உறுதி வராது, பார்வைக்கு வித்தியாசமும் தெரியாது. எந்த வகை, எத்தனை ஆண்டு முற்றியது, ஜான்கா எண் எவ்வளவு என்று விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த விற்பனையாளரை விட்டுவிடலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடினம் தடுப்பது பள்ளம் விழுவதை. பாத்திரம் கைநழுவி விழுந்தால், நாற்காலிக் கால் அழுந்தினால் அந்த எண் உதவும். நாயின் நகம் கீறுவது மரத்தை அல்ல, மேலே இருக்கும் பூச்சை. பூச்சு மோசமாக இருந்தால் மூங்கில் எவ்வளவு கடினமானாலும் ஒரே ஆண்டில் கோடுகோடாகத் தெரியும். அடர்நிறமும் பளபளப்பும் அந்தக் கோடுகளை எடுத்துக்காட்டும். வெளிர்நிறமும் மங்கலான பூச்சும் மறைக்கும். நாய் உள்ள வீட்டுக்கு என்னைக் கேட்டால், கடின எண்ணில் ஆயிரம் கூடுதல் என்பதைவிட மங்கலான பூச்சுக்கே மதிப்பு அதிகம். அதற்குப் பெரும்பாலும் கூடுதல் பணமும் கேட்பதில்லை.

சரி, தரையின் ஆயுளைத் தீர்மானிப்பது எது? எத்தனை முறை தேய்த்துப் புதிதாக்கலாம் என்பதுதான். மாதிரித் துண்டைக் கையில் எடுத்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். கெட்டி ஓக் என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே மரம், சுமார் 18 அல்லது 20 மில்லிமீட்டர். பக்கத்தில் பலகைகளைக் கோக்கும் நாக்குக்கு மேலே உள்ள ஆறு மில்லிமீட்டர் அளவுதான் உங்களுக்குப் பயன்படும் பகுதி. ஒருமுறை இயந்திரம் வைத்துத் தேய்த்தால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் போகும். ஆக நான்கைந்து முறை தாராளமாகத் தேய்க்கலாம். என்ஜினீயர்டு மரம் என்று சொல்லப்படுவதில், ப்ளைவுட் அடுக்குகளுக்கு மேலே நிஜமரத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். வெட்டுமுகத்தில் மெல்லிய கோடாக அந்த ஒட்டு தெரியும். கோட்டுக்கு மேலே உள்ள கனத்தை அளவுகோல் வைத்துப் பாருங்கள். 4 மில்லிமீட்டர் இருந்தால் இரண்டு மூன்று முறை தேய்க்கலாம். 2 மில்லிமீட்டர் என்றால் ஒருமுறை, அதுவும் கைதேர்ந்தவர் செய்தால். 0.6 மில்லிமீட்டர் தகட்டை வைத்துவிட்டு அதையும் “அசல் ஓக்” என்று விற்கிறார்கள். அது அசல்தான், ஆனால் தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

லேமினேட்டில் மேலே இருப்பது மரமே அல்ல, மரத்தின் படம் அச்சிட்ட தாள். அதன் மேல் கெட்டியான மெலமைன் பூச்சு, அடியில் அழுத்திய மரத்தூள் பலகை. நியாயமாகச் சொன்னால், கீறலைத் தாங்குவதில் நல்ல லேமினேட் ஓக்கைவிடத் தேவலை. ஆனால் மூட்டில் தண்ணீர் இறங்கி ஓரம் உப்பிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அழுத்திய மூங்கிலைத் தேய்க்கலாம். பிசின் அதிகம் என்பதால் கடினமான வேலை, சிம்பும் எழும். செய்யத் தெரிந்த ஆள் அருகில் கிடைப்பாரா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.

இனி கணக்கு. லேமினேட் வாங்கிப் போடும் முழுச் செலவு 100 பங்கு என்று கொள்வோம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் பழையதைப் பெயர்த்து அப்புறப்படுத்த 15 பங்கு என்று வையுங்கள். ஓக்குக்கு முதலில் 200 பங்கு. 15ஆம் ஆண்டும் 30ஆம் ஆண்டும் தேய்த்துப் பூச்சு கொடுக்கத் தலா 40 பங்கு. இவை நான் எடுத்துக்கொண்ட அளவுகள். உங்கள் பட்டியலில் உள்ள தொகைகளை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள். நாற்பது ஆண்டு முடியும்போது லேமினேட்டுக்கு 445 பங்கு, ஓக்குக்கு 280 பங்கு. ஓக் வெகுவாக முந்துகிறது. விற்பவர்கள் காட்டும் கணக்கு இதுதான்.

அவர்கள் காட்டாதது இடையில் இருக்கும் ஆண்டுகள். முதல் பத்து ஆண்டு முழுக்க லேமினேட்தான் மலிவு: 100க்கு 200. பதினோராம் ஆண்டில் 215க்கு 200 என்று ஓக் சற்றே முந்தும். 15ஆம் ஆண்டு தேய்த்ததும் 240 ஆகி மறுபடி பின்தங்கும். இருபது ஆண்டு கழிந்து லேமினேட்டை இரண்டாவது முறை மாற்றும்போதுதான், 330க்கு 240 என்று ஓக் தெளிவாக லாபத்துக்கு வருகிறது. போதாததற்கு, இன்று கூடுதலாகப் போடும் 100 பங்கு வேறெங்காவது வளர்ந்திருக்கும். விலைவாசி உயர்வு போக ஆண்டுக்கு 2 சதவீதம் வளரும் என்று வைத்து எல்லாச் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், நாற்பது ஆண்டு ஒப்பீடு 335க்கு 252 ஆகிவிடும். அதே வளர்ச்சி 6 சதவீதம் என்றால் 220க்கு 224. லாபம் அங்கே முழுதாகக் காணாமல் போகிறது.

இப்போது கடனைச் சேர்த்துப் பாருங்கள். கூடுதலான அந்த 100 பங்கை 12 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால், மொத்தம் 133 பங்குக்குச் சற்று மேல் திருப்பிக் கட்டுவீர்கள். பதினோராம் ஆண்டில் ஓக்குக்குக் கிடைத்த சிறு லாபமும் அதில் கரைந்துவிடும். இருபது ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு லாபத்துக்காக, குழந்தைக்குச் செலவுகள் ஏறப்போகும் இந்த ஐந்து ஆண்டுகளில் மாதத் தவணையைச் சுமக்க வேண்டுமா? உங்கள் கணவர் நல்ல பொருளை விரும்புவதில் தவறில்லை. அதற்கான பணத்தை எடுக்க நினைக்கும் இடம்தான் தவறு.

இவ்வளவு ஆண்டுக் கணக்கையும் ஒரே மழைக்காலத்தில் குலைத்துவிடக்கூடியது ஈரம். மரமும் மூங்கிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் விரியும், வறண்டால் சுருங்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில், கான்கிரீட் தளம் முழுதாகக் காய்வதற்குள் பலகை பதித்துவிட்டார்கள். ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடுவில் குழிந்து, ஓட்டு வரிசைபோல் ஆகிவிட்டது. உத்தரவாதத்தில் ஒரு காசும் பெயரவில்லை, ஏனென்றால் பதிக்கும் முன் தளத்தின் ஈரத்தை அளந்த குறிப்பு யாரிடமும் இல்லை. புதிய கான்கிரீட்டுக்கு 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. அதை மட்டும் நம்பாமல் ஈரமானியால் அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். பலகைகளைப் பெட்டியைப் பிரித்து அதே அறையில் சில நாட்கள் வைத்துப் பழக்க வேண்டும். அழுத்திய மூங்கிலுக்கு வாரக்கணக்கில்கூட ஆகும். சுவர் ஓரம் பத்து மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். கான்கிரீட்டுக்கு மேலே போடுவதானால் கெட்டி மரத்தைவிட என்ஜினீயர்டு மரம் அடங்கி இருக்கும், அதன் குறுக்கு அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால்.

குழந்தை தவழும் வீடு என்பதால் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூங்கில், ப்ளைவுட், லேமினேட் மூன்றிலும் பசை உண்டு, அதிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்ற கெடுதலான வாயு கசியலாம். அந்தக் கசிவுக்கு வரம்பு வைக்கும் இ1 (E1) என்ற ஐரோப்பியத் தரமோ அதைவிடக் கடுமையான தரமோ உடையது என்ற சோதனைச் சான்றைக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. ஆறு மாதச் செலவை ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் பணத்தில் கூடத்தை மட்டும் இப்போது போடுவேன். அடி அதிகம் படுவது அங்கேதான், புதுப்பிக்கத்தக்க தரையால் பயனும் அங்கேதான். 4 மில்லிமீட்டர் தகடுள்ள என்ஜினீயர்டு ஓக், வெளிர்நிறம், மங்கலான பூச்சு. மிஞ்சும் பணம் அதற்கும் பற்றவில்லை என்றால் ஓராண்டு காத்திருந்து, கடனுக்குக் கட்டியிருக்கக்கூடிய தவணையை உங்கள் கணக்கிலேயே மாதாமாதம் போடுவேன். படுக்கையறைகள் பிறகு. அப்போது வாங்கும் பலகையின் நிறம் சற்று மாறித் தெரியும், வெளிச்சத்தில் மரம் நிறம் மாறும் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. வாசற்படியில் ஒரு இணைப்புப் பட்டை வைத்தால் கண்ணை உறுத்தாது. பத்து ஆண்டுக்குள் வீடு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் இதையெல்லாம் மறந்துவிட்டு நல்ல லேமினேட்டைப் போடுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பட்டியலை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. பலகையின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். வெட்டில் வீணாகும் 5 முதல் 10 சதவீதம், அடிவிரிப்பு, பழைய தரையைப் பெயர்ப்பது, மேடுபள்ளத்தைச் சமன் செய்வது, கதவின் அடியை அறுப்பது, ஓரப்பட்டை, கூலி எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். “ஆயுள் உத்தரவாதம்” என்பது பெரும்பாலும் பூச்சு தேய்ந்து மரம் தெரிவதற்கு மட்டும்தான். கீறல், பள்ளம், தண்ணீர், அறையின் ஈரப்பதம் மாறுவது ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கும். நீங்கள் பயப்படுவது அவற்றுக்குத்தானே? அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்த பிறகு முன்பணம் கொடுங்கள். ஒரு பகுதித் தொகையை வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்பவர் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அவரிடமே வேலையைக் கொடுங்கள்.