வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தரம் ஒன்பதில் படிக்கும் என் மகன் ஜப்பானிய மங்கா சித்திரக்கதைகளிலும் அனிமே அசைபடத் தொடர்களிலுமே மூழ்கிக் கிடக்கிறான். அவற்றில் மனத்தை விட்டு நீங்காத பாத்திரம் என்று யாரைச் சொல்வீர்கள்?
– வாசகி, உப்புவெளி

பதில்: தயக்கமின்றி, ‘வெறுங்கால் கென்’ என்னும் சிறுவனைச் சொல்வேன். கெய்ஜி நகசாவா 1973இல் வரையத் தொடங்கிய அந்த மங்காவில், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த காலையில், இடிந்த வீட்டின் மரச்சட்டங்களுக்கடியில் தந்தையும் அக்காவும் தம்பியும் சிக்கிக்கொள்கிறார்கள். தீ நெருங்க நெருங்க, கென் தன் சின்னக் கைகளால் அந்தச் சட்டத்தைத் தூக்க முயன்று தோற்கும் பக்கங்களை ஒரே மூச்சில் புரட்டிவிட முடியாது. அன்று ஹிரோஷிமாவில் இருந்த நகசாவாவுக்கும் வயது 6. பாடசாலை மதில் அவரைக் காத்தது. தம் வீட்டில் நிகழ்ந்ததைத் தாயிடம் கேட்டறிந்தே வரைந்தார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த நமது திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கையில், கென்னின் தந்தை தம் நாட்டின் போரையே எதிர்த்தவர் என்பது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: ‘ஒன் பீஸ்’ மங்காவின் நாயகன் லூஃபி வைக்கோல் தொப்பியை விடாதது ஏன்?
– வாசகர், திருக்கடலூர்

பதில்: அது ஷாங்ஸ் என்னும் கடற்கொள்ளைத் தலைவர் கொடுத்துவைத்தது, பெரிய கொள்ளையனாகித் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. கடல் விலங்கிடமிருந்து லூஃபியை மீட்கையில் இடக்கையை இழந்தவர் அவர்.