தோள் தாங்கும் காலிபர் எது?

பெரிய விலங்கு வேட்டைக்கு எந்தக் காலிபர் நல்லது என்று கேட்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் கேட்பது உதையைப் பற்றித்தான், அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னுக்கு இடிப்பதைப் பற்றி. வெளியே சொல்லக் கூச்சம். அதனால் வந்த கேள்விகளை வைத்து இரண்டையும் சேர்த்தே பேசிவிடுவோம். காலிபர் என்றால் குழலின் உள்விட்டம்; 308, 30-06 போன்றவை தோட்டா வகைகளின் பெயர்கள். இங்கே தோட்டா என்றால் உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா, குண்டு என்றால் பறந்து போகும் முனை மட்டும்.

முதல் ரைஃபிள் வாங்கப் போகிறேன் சார். மானிலிருந்து மூஸ் என்ற ராட்சத மான் வரை ஒரே துப்பாக்கி போதும். 308-ஆ, 30-06-ஆ, இல்லை 300 வின்செஸ்டர் மேக்னமா?

முதல் இரண்டில் எதற்குத் தோட்டா சுலபமாகக் கிடைக்கிறதோ அது. மூன்றும் சுடுவது ஒரே 7.82 மி.மீ. விட்டமுள்ள குண்டைத்தான். 30-06-இல் வரும் 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906-ஆம் ஆண்டு. 1952-இல் 308 சந்தைக்கு வந்தபோது வெடிமருந்து மேம்பட்டிருந்தது. அதனால் குட்டையான தோட்டாவிலேயே கிட்டத்தட்ட அதே வேலை நடந்தது. 180 கிரெய்னும் (சுமார் 11.7 கிராம்) அதற்கு மேலும் உள்ள கனமான குண்டுகளில் 30-06 கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். 300 மீட்டருக்கு அப்பால் சுடும் தேவையும் அதற்கான பயிற்சியும் இருந்தால், அதிக மருந்து அடைத்த மேக்னம் பற்றி யோசியுங்கள். தேவை மட்டும் இருந்தால் போதாது.

உதையை எண்ணில் சொல்ல முடியுமா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

முடியும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 3.6 கிலோ எடையுள்ள ரைஃபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தேசமாக 243 என்ற சிறிய காலிபர் என்றால் 12 ஜூல், 308 என்றால் 22, 30-06 என்றால் 28, 300 வின்செஸ்டர் மேக்னம் என்றால் 37. தூக்கிச் சுமக்க லேசாக இருக்கட்டும் என்று 3 கிலோ துப்பாக்கி வாங்கினால், அதே 30-06 சுமார் 33 ஜூலுக்கு ஏறிவிடும். மலை ஏறும்போது மிச்சப்படுத்திய எடைக்குத் தோள் வட்டி கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: உதையைத் தருவது குண்டு மட்டுமில்லை. எரிந்த வெடிமருந்தின் வாயு குண்டைவிட வேகமாகக் குழலிலிருந்து பாய்கிறது. உதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. மேக்னம் அதிக மருந்தை எரிக்கிறது, அதனால்தான் அதே குண்டுக்கு அவ்வளவு கூடுதல் உதை.

என் உயரம் 5 அடி 1 அங்குலம். கணவரின் 308 தோளைவிடக் கன்னத்தில்தான் அறைகிறது. 243-க்கு மாறிவிடவா?

அவசரப்படாதீர்கள். அறைவது காலிபர் இல்லை, தோளில் வைக்கும் பின்கட்டை. கடையில் வரும் கட்டைகளில் ட்ரிகரிலிருந்து பின்முனை வரை 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். உங்களுக்கு அது நீளம். கழுத்தை நீட்டிச் சுடுகிறீர்கள், கன்னம் கட்டையில் உறுதியாகப் பதியாமல் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, அடி விழுகிறது. முதலில் கட்டையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்து, நல்ல ரப்பர் பேட் போடச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் 6.5 மி.மீ. பக்கம் வாருங்கள். 1894-இல் பிறந்த 6.5x55 ஸ்வீடனில் இன்றும் மூஸ் வேட்டைக்குப் போகிறது. அந்த நாட்டு விதிப்படி மூஸுக்கு 10 கிராம் அல்லது அதற்கு மேல் எடையுள்ள குண்டு என்றால் 100 மீட்டரில் 2000 ஜூல் இருக்க வேண்டும். இதன் 10.1 கிராம் குண்டு அந்தக் கோட்டைத் தாண்டுகிறது, உதையோ 308-ஐவிட மென்மை. 243-இன் குண்டு 6.5 கிராம் சுற்றித்தான். மானுக்குச் சரி, மூஸுக்கு வேண்டாம்.

அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் கராமோஜோ பெல் 7 மி.மீ. ரைஃபிளால் நூற்றுக்கணக்கில் யானைகளை வீழ்த்தினாரே. அப்புறம் எதற்குப் பெரிய காலிபர்?

இந்தக் கேள்வி வராமல் ஒரு நாளும் கூட்டம் கலைவதில்லை! வீழ்த்தியது உண்மை. அவர் யானை மண்டையின் உள்ளமைப்பை அறுத்துப் பார்த்துக் கற்றவர். விரியாத திடக் குண்டை எந்தக் கோணத்திலிருந்தும் மூளைக்கு அனுப்பத் தெரிந்தவர். வருடத்தில் பெரும்பகுதி அதுவே தொழில். நீங்களும் நானும் வருடத்துக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்துப் போகிறவர்கள். இன்று நமீபியாவில் யானைக்கும் காட்டெருமைக்கும் குறைந்தது 5400 ஜூல் என்று சட்டமே இருக்கிறது. பெல்லின் ரைஃபிள் அதில் தேறாது.

விலை கூடிய குண்டு தேவைதானா?

பெரிய விலங்குக்குத் தேவை. ஜான் நாஸ்லர் என்பவர் 1946-இல் ஒரு மூஸைச் சுட்டபோது குண்டு உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிட்டது. அந்த எரிச்சலில் நடுவே தடுப்பு வைத்து, முன்பாதி விரிந்து பின்பாதி துளைத்துப் போகும் குண்டை உருவாக்கினார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. அன்று அவர் கையில் இருந்தது 300 மேக்னம், சின்னக் காலிபர் இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல குண்டு போட்ட 308, மோசமான குண்டு போட்ட மேக்னத்தைவிட மேல்.

அண்ணா, சுடும் நொடியில் கண் மூடிக்கொள்கிறது. குண்டுகள் எல்லாம் கீழே போய் விழுகின்றன. என்ன செய்ய?

வெட்கப்படாதே தம்பி, எனக்கும் இருந்தது. என் முதல் மேக்னத்தில் ஒரே மத்தியானம் நாற்பது தோட்டா சுட்டேன். மறுநாள் தோள் நீலம், பிறகு இரண்டு வருடம் மிரட்சி. துப்பாக்கியை விற்றேன், மிரட்சி கூடவே வந்தது.

முதலில் காது. ரைஃபிள் வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், செவியை நிரந்தரமாகக் கெடுக்க அது போதும். உடல் மிரள்வது பாதிக்கு மேல் அந்தச் சத்தத்துக்குத்தான் என்பது என் அனுபவம். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும் போடு.

அப்புறம் ஒரு நண்பரைத் தோட்டா போடச் சொல். சில தடவை உண்மைத் தோட்டா, சில தடவை போலித் தோட்டா. எது உள்ளே இருக்கிறது என்று உனக்குத் தெரியக் கூடாது. போலி வரும்போது குழல்முனை தலை குனிவதை நீயே பார்ப்பாய், சிரிப்பு வரும். முனை அசையாமல் நிற்கும்வரை இதைத் தொடர். நடுநடுவே 22 என்ற மிகச் சிறிய காலிபர் ரைஃபிளால் நிறையச் சுடு. அதற்கு உதையே இல்லை, கையும் கண்ணும் ட்ரிகரும் பழக அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மேசையில் உட்கார்ந்து சுடுவதையும் குறை. அங்கே உடல் முன்சாய்ந்து, பின்வாங்க இடமில்லாமல் முழு உதையையும் வாங்குகிறது. நின்று சுட்டால் உடல் அசைந்து கொடுக்கும்.

குழல்முனையில் மசில் பிரேக் என்ற துளையிட்ட துண்டைப் போட்டால் உதை தீர்ந்துவிடாதா?

உதை குறையும், மூன்றில் ஒரு பங்கோ பாதியோ. வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் மேக்னங்களில் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் சத்தமும் பக்கத்தில் திரும்புகிறது. அருகில் நிற்கும் வழிகாட்டி உங்களைச் சபிப்பார். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் சப்ரஸர் (குழல்முனையில் மாட்டும் சத்தம் அடக்கி) மேல், அது உதை, சத்தம் இரண்டையும் குறைக்கும்.

ஸ்கோப் புருவத்தில் இடித்து ரத்தம் வந்துவிட்டது.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். படுத்துக்கொண்டு மேட்டை நோக்கிச் சுடும்போது தலை தானாக முன்னே நகரும், அப்போதுதான் அடிபடும். என் வலது புருவத்திலும் ஒரு பிறை நிலா இருக்கிறது.

அடுத்த வருடம் ஆப்பிரிக்கக் காட்டெருமை. 375 ஹெச் அண்ட் ஹெச் வாங்கிவிட்டேன். எப்படித் தயாராவது?

நல்ல தேர்வு. 1912-இலிருந்து நிற்கும் தோட்டா. உதை 50 ஜூலுக்கு மேல் வரும், ஆனால் சுருக்கென்று குத்தாமல் தள்ளுவது போல இருக்கும். அதனால் பலருக்கு லேசான 300 மேக்னத்தைவிட இது சுகம். துப்பாக்கியை 4 கிலோவுக்குக் கீழே இறக்காதீர்கள். ஸ்கோப்பைச் சரிபார்க்க மட்டும் மேசை, மற்றதெல்லாம் மூன்று கால் குச்சியில் நின்றபடி. வாரம் ஒரு நாள், அன்று பத்துத் தோட்டா, அதற்கு மேல் வேண்டாம். மீதி நாட்களில் 22. வலிக்க ஆரம்பித்தால் எண்ணிக்கை பாக்கி இருந்தாலும் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.