மறைய வைக்கும் மையா, ரேடார் பூச்சு?

கேள்வி: ஐயா, நான் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் எந்நேரமும் போர் விமானக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "மாமா, புதுப் பூச்சைப் பூசிவிட்டால் விமானம் ரேடாரில் தெரியவே தெரியாது, கான்பூர் ஐஐடியே செய்து காட்டிவிட்டது" என்கிறான். எதிர்வீட்டுக்காரரோ, "செர்பியாவில் பழைய ரேடாரை வைத்தே சுட்டு வீழ்த்திவிட்டார்கள், எல்லாம் வெறும் சாயம்" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், குன்னூர்

பதில்: ரேடார் என்பது வானொலி அலையை அனுப்பி, பொருளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு அதைக் கண்டுகொள்ளும் கருவி. எந்த அலைநீளத்து ரேடாருக்கு என்று குறிப்பிடாமல் 'தெரியும்', 'தெரியாது' என்று பேசுவதில் பொருள் இல்லை. உங்கள் வீட்டு வாதம் முடிவில்லாமல் நீள்வதற்கு அதுவே காரணம்.

இதற்குச் சான்று உங்கள் மலையிலேயே இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970-இல் அமைக்கப்பட்ட வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஆனால் அதன் எதிரொளிப்பான் தகடு அன்று, சில சென்டிமீட்டர் இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்ட 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தாம். வெறுங்கண்ணுக்கு ஊடே வானம் தெரியும் அந்தக் கம்பி வரிசை, அங்கே பயன்படும் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைக்கு முழுச் சுவராகவே நிற்கிறது. 3 சென்டிமீட்டர் அலையோ அதில் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். ஒரே பொருள் ஓர் அலைக்குச் சுவர், இன்னொன்றுக்குத் திறந்த வாசல்.

விமானப் பூச்சின் கதையும் இதுவே. நுண்ணிய இரும்புத் துகள்களைப் பசைப்பொருளில் கலந்து பூசும்போது, மேலே விழும் அலையின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது. எளிய உறிஞ்சு பரப்பு ஒன்றுக்கு அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் வேண்டும். போர் விமானங்கள் குறிபார்க்கப் பயன்படுத்தும் 3 சென்டிமீட்டர் அலைக்கு அது முக்கால் சென்டிமீட்டர்தான், இரும்புத் துகள் கலந்தால் இன்னும் குறையும். தொலைதூரக் கண்காணிப்புக்கான 2 மீட்டர் அலைக்கோ அரை மீட்டர் கனம் வேண்டும். அதைச் சுமந்துகொண்டு எந்த விமானம் பறக்கும்? 1999 மார்ச் 27-ஆம் தேதி செர்பியாவில் வீழ்த்தப்பட்ட, ரேடாருக்குத் தெரியாதபடி வடிவமைக்கப்பட்ட அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தைக் கண்டுகொண்டது அத்தகைய நீண்ட அலையைக் கொண்ட பழைய சோவியத் ரேடார்தான். எதிர்வீட்டுக்காரர் நிகழ்ச்சியைச் சரியாகவே சொல்கிறார். ஆனால் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரே எஃப்-117 அதுதான் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேலும், மறைவின் பெரும்பகுதி பூச்சால் வருவதன்று, வடிவத்தால் வருவது. விளிம்புகளில் அலை எவ்வாறு சிதறுகிறது என்பதைக் கணக்கிடும் முறையைச் சோவியத் அறிஞர் பியோத்தர் உஃபிம்த்சேவ் 1962-இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்துப் பயன்படுத்தி எஃப்-117-இன் பட்டை தீட்டிய உடலை வகுத்தவர்கள் அமெரிக்கப் பொறியாளர்கள். வந்த அலையை வந்த திசைக்கே திருப்பாமல் வேறு பக்கம் தள்ளிவிடுவது வடிவத்தின் வேலை. மிஞ்சியதைக் குறைப்பதே பூச்சின் வேலை.

உங்கள் மருமகனிடம் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். அலை போகும்போதும் திரும்பும்போதும் விரிந்து நலிவதால், ரேடார் எட்டும் தூரம் எதிரொளிப்பின் நான்காம் படி மூலத்தைப் பொறுத்தது. விழும் அலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை உறிஞ்சும் பூச்சு என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும்; ஆனால் 100 கிலோமீட்டரில் தெரிந்த விமானம் அப்போதும் 56 கிலோமீட்டரில் தெரிந்துவிடும். தூரம் பாதியாக வேண்டுமானால் எதிரொளிப்பு பதினாறில் ஒரு பங்காகவும், பத்தில் ஒரு பங்காக வேண்டுமானால் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவும் குறைய வேண்டும்.

கான்பூர் ஐஐடி 2024 நவம்பரில் 'அனலக்ஷ்யா' என்னும் மறைப்புப் பரப்பை வெளியிட்டது உண்மை. நம் ஆய்வாளர்களின் உழைப்பு மதிப்புக்குரியது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அந்த உழைப்பை மாய மை என்று வர்ணிப்பதும், வெறும் சாயம் என்று ஒதுக்குவதும் எனக்கு ஒரே அளவு வருத்தம் தருகின்றன. எந்த அலைவரிசையில், எந்தக் கோணத்தில், எத்தனை பங்கு என்று கேட்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

கேள்வி: கப்பலில் நிற்கும் அமெரிக்காவின் எஃப்-35 மறைவுப் போர் விமானங்களின் மேல் துருப்பிடித்த படங்களைக் காட்டி, பூச்சு கெட்டுவிட்டது என்கிறார்களே?
– வாசகர், கோத்தகிரி

பதில்: மழைக்காலம் முடிந்ததும் இரும்புக் கேட்டுக்கு மறுபடி வண்ணம் அடிப்பவர்கள் நீங்கள், ஈரமும் உப்பும் பரப்பை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் பி-2 மறைவுக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் தட்பவெப்பம் சீராக்கப்பட்ட கொட்டகைகள் கட்டப்பட்டதும் அதனால்தான். எனினும் படம் காட்டுவது மேற்பரப்பின் நிறத்தை மட்டுமே. உள்ளடுக்கு எவ்வளவு அலையை உறிஞ்சுகிறது என்பதை, எதிரொலி எழாத அளவீட்டு அறையிலோ அதற்கென அமைந்த வெளித்தளத்திலோ ரேடார் அலையைச் செலுத்தித்தான் அளக்க முடியும்.